இருபது மடங்கு திரையில் ஏன் மங்கல் படம்?

தருமபுரி மாவட்டத்துச் சித்தேரி மலையிலிருந்து என் வகுப்புக்கு வரும் மாணவர் ஒருவர், சில வாரங்களுக்கு முன் ஒரு சிக்கலைக் கொண்டு வந்தார்.

"சார், எங்கள் பெரியப்பா வீட்டில் 43 அங்குல 4கே ஸ்மார்ட் டி.வி. வாங்கினார்கள். பழைய 14 அங்குல டி.வி.யில் தெரிந்த அளவுக்குக்கூடப் படம் தெளிவாக இல்லை. கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்கிறார் பெரியப்பா. கேபிள்காரர்தான் ஏமாற்றுகிறார் என்கிறார் பெரியம்மா. மரவள்ளி விற்ற பணத்தில் எங்கள் அப்பாவும் அதே டி.வி.யை வாங்கப் போகிறார். வாங்கலாமா?"

ஒரு குடும்பத்தின் ஓராண்டுச் சேமிப்பு இக்கேள்வியில் அடங்கியிருக்கிறது. ஆகவே, அளவு நாடா ஒன்றை எடுத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை அரூர் வழியாக மலையேறினேன். அங்கே கண்டதையும் கணக்கிட்டதையும் உங்களுக்குச் சொல்கிறேன்.

படம் எத்தனை புள்ளிகளால் ஆனது?

டி.வி.த் திரையைப் பூக்கண்ணாடியால் பாருங்கள். படம் சிறு சிறு புள்ளிகளால் ஆனது என்பது தெரியும். இவற்றைப் படப்புள்ளிகள் என்போம். 4கே திரையில் கிடை வரிசையில் 3,840 புள்ளிகளும், செங்குத்தாக 2,160 புள்ளிகளும் உள்ளன. பெருக்கினால் 82,94,400 வரும்.

பெரியப்பா வீட்டில் இருப்பது சாதாரண செட்டாப் பாக்ஸ். அதிலிருந்து வரும் படத்தில் எத்தனை புள்ளிகள்? 720 × 576, அதாவது 4,14,720 மட்டுமே. இந்த 576 என்ற எண் வானொலி அலைகளில் தொலைக்காட்சி வந்த நாள்களிலிருந்து நம்மைத் தொடர்ந்து வருகிறது. 1975 ஆகஸ்ட் 15 அன்று சென்னைத் தொலைக்காட்சி நிலையம் தொடங்கியபோது நம் நாடு பின்பற்றிய முறையில் ஒரு படத்துக்கு 625 வரிகள். அவற்றில் கண்ணுக்குத் தெரியும் படத்துக்கு உரியவை 576. பின்னர் 1982இல் வண்ணம் வந்தது, கேபிள் வந்தது, எண்முறை ஒளிபரப்பும் வந்தது. ஆயினும் சாதாரண சானல்களில் அந்த 576 வரிகள் அப்படியே தங்கிவிட்டன.

இப்போது 82,94,400ஐ 4,14,720ஆல் வகுத்துப் பாருங்கள். சரியாக 20! பாக்ஸ் அனுப்பும் ஒரு புள்ளியை வைத்துக்கொண்டு புதிய திரை இருபது புள்ளிகளை நிரப்பியாக வேண்டும். இல்லாத விவரத்தை அது எங்கிருந்து கொண்டு வரும்? பக்கத்துப் புள்ளிகளைப் பார்த்து இடைவெளியை ஊகித்து நிரப்புகிறது. ஒரு படி பாலில் தண்ணீர் ஊற்றி இருபது படியாக்கினால் அளவு கூடும், பால் கூடுமா?

பழைய டி.வி. ஏன் தெளிவாக இருந்தது?

அதே பாக்ஸ், அதே 4,14,720 புள்ளிகள். பின் ஏன், 2006ஆம் ஆண்டு முதல் தமிழக அரசு இலவசமாக வழங்கிய அந்த 14 அங்குல வண்ணத் தொலைக்காட்சியில் படம் துல்லியமாகத் தெரிந்தது? விடை நம் கண்ணில் இருக்கிறது.

ஒரு சோதனை செய்வோம். வெள்ளைத் தாளில், நடுவே 1 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கும்படி இரண்டு மெல்லிய கருங்கோடுகள் வரையுங்கள். தாளைச் சுவரில் ஒட்டிவிட்டுப் பின்னோக்கி நடங்கள். ஏறக்குறைய மூன்றரை மீட்டர் தொலைவில் இரு கோடுகளும் ஒன்றாகிவிடும். நல்ல பார்வையுள்ள கண், ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்குக்குக் குறைவான கோணத்தில் உள்ள இரு புள்ளிகளைப் பிரித்தறிவதில்லை. இதிலிருந்து ஓர் எளிய விதி கிடைக்கிறது: புள்ளியின் அகலத்தைப் போல் சுமார் 3,400 மடங்கு தொலைவுக்கு அப்பால் சென்றால், புள்ளிகள் ஒன்றோடொன்று கலந்து படம் வழவழப்பாகத் தெரியும்.

இவ்விதியைக் கொண்டு, பாக்ஸிலிருந்து வரும் படத்தை (ஒரு வரிக்கு 720 புள்ளிகள்) கணக்கிடுவோம்.

14 அங்குல டி.வி.: திரை அகலம் சுமார் 28 செ.மீ. ஒரு புள்ளி 0.4 மி.மீ. 1.4 மீட்டருக்கு அப்பால் படம் தெளிவு.

32 அங்குல டி.வி.: அகலம் 71 செ.மீ. ஒரு புள்ளி 1 மி.மீ. 3.4 மீட்டருக்கு அப்பால் தெளிவு.

43 அங்குல டி.வி.: அகலம் 95 செ.மீ. ஒரு புள்ளி 1.3 மி.மீ. 4.5 மீட்டருக்கு அப்பால் தெளிவு.

பெரியப்பா வீட்டில் டி.வி.க்கும் கட்டிலுக்கும் உள்ள தொலைவை அளந்தோம். இரண்டரை மீட்டர்! பழைய டி.வி.யின் குறைகளைத் தொலைவு மறைத்தது. புதிய டி.வி. அவற்றைப் பெரிதாக்கிக் காட்டியது. கடைக்காரரும் ஏமாற்றவில்லை, கேபிள்காரரும் ஏமாற்றவில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். 43 அங்குலத்தில் 4கே திரையின் சொந்தப் புள்ளி 0.25 மி.மீ. அகலமே உடையது. அந்த நுட்பத்தை முழுதும் காண வேண்டுமானால் 85 செ.மீ. அருகில் போய் உட்கார வேண்டும்! இரண்டரை மீட்டரில் அமர்பவருக்கு 1920 × 1080 புள்ளிகள் கொண்ட 'ஃபுல் எச்.டி.' திரையே போதும்.

எந்த ஒயரைச் செருகுவது?

பாக்ஸின் பின்புறத்தைத் திருப்பிப் பார்த்தேன். மஞ்சள், வெள்ளை, சிவப்பு என்று மூன்று ஒயர்கள். மஞ்சள் படத்துக்கு, மற்ற இரண்டும் இடது, வலது ஒலிக்கு. அருகிலேயே எச்.டி.எம்.ஐ. துளை ஒன்று பயன்படாமல் கிடந்தது.

மஞ்சள் ஒயரில் என்ன நடக்கிறது? பாக்ஸுக்குள் படம் எண்களாக இருக்கிறது. அதை மின் அலையாக மாற்றி, வெளிச்சத்தையும் வண்ணத்தையும் ஒரே கம்பியில் கலந்து அனுப்புகிறது பாக்ஸ். டி.வி. அதைப் பிரித்து மறுபடியும் எண்களாக மாற்றுகிறது. இரண்டு முறை மொழிபெயர்த்த கடிதம் போல், வழியில் கொஞ்சம் சிதைகிறது. வண்ணம் ஓரங்களில் கசிவது இதனால்தான். எச்.டி.எம்.ஐ. ஒயரோ எண்களை எண்களாகவே கொண்டு சேர்க்கிறது. ஒலியும் அதிலேயே போகிறது.

இரண்டையும் அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, எச்.டி.எம்.ஐ. ஒயரால் இணைத்தோம். பிறகு டி.வி. ரிமோட்டில் 'சோர்ஸ்' பொத்தானை அழுத்தி, ஒயர் செருகிய துளையின் எண்ணைத் தேர்ந்தெடுத்தோம். ஓரக் கசிவு மறைந்தது. செய்தி வாசிப்பவரின் முகம் மட்டும் பூசணிக்காய் போல அகன்றிருந்தது. 4:3 விகிதப் படத்தை 16:9 திரை முழுவதற்கும் இழுத்திருந்ததே காரணம். பட விகித அமைப்பை மாற்றியதும் முகம் சீரானது. ஆனால் புள்ளிகளின் எண்ணிக்கை கூடவில்லை, கூடவும் கூடாது. அதற்கு எச்.டி. பாக்ஸும் எச்.டி. சானலும் வேண்டும்.

தெருக் கேபிளை நேரே டி.வி.யில் செருகினால் என்ன என்று கேட்டார் பெரியம்மா. கேபிளில் வரும் சானல்கள் பூட்டப்பட்டவை. அவற்றைத் திறக்கும் சாவி பாக்ஸுக்குள் இருக்கிறது. ஆகவே புதிய டி.வி. வந்தாலும் பாக்ஸ் தேவை.

'ஸ்மார்ட்' என்பது வேறு வழி

ஸ்மார்ட் டி.வி.க்குள் ஒரு சிறு கணினி இருக்கிறது. அது பாக்ஸின் வழியே வருவதைத் தொடுவதில்லை. இணையத்தின் வழியே வேறு படங்களைக் கொண்டு வருகிறது. அந்த வழி திறந்திருக்கிறதா என்பதை வாங்கும் முன்பே பார்க்க வேண்டும்.

ஃபுல் எச்.டி. படத்துக்கு நொடிக்குச் சுமார் 5 மெகாபிட் வேண்டும் என்று கொள்வோம். ஒரு மணிக்கு 3,600 நொடி. மொத்தம் 18,000 மெகாபிட். எட்டு பிட் ஒரு பைட் ஆதலால் இது 2,250 மெகாபைட், அதாவது 2.25 ஜி.பி. நாளொன்றுக்கு 1.5 ஜி.பி. தரும் கைப்பேசித் திட்டம் 40 நிமிடத்தில் தீர்ந்துபோகும்! அதுவும் அலை நன்றாகக் கிடைத்தால்தான். மாணவரின் வீட்டில் திண்ணையில் கிடைத்த கைப்பேசி அலை, டி.வி. வைக்கும் அறைக்குள் எட்டவில்லை. கோபுரத்துக்கும் வீட்டுக்கும் இடையே மலைமுகடு நின்றால் அப்படித்தான் ஆகும்.

வானிலிருந்து இறங்கும் அலைக்கு இந்தத் தடை இல்லை. தூர்தர்ஷனின் இலவச டிஷ் சேவைக்கு உதவும் ஜிசாட்-15 செயற்கைக்கோள், கிழக்குத் தீர்க்கரேகை 93.5 பாகைக்கு நேர் மேலே நிற்கிறது. சித்தேரியிலிருந்து பார்த்தால் அது தென்கிழக்கில், அடிவானத்திலிருந்து சுமார் 68 பாகை உயரத்தில் இருக்கும். அவ்வளவு உயரத்தை மலை மறைப்பது அரிது. கேபிள் எட்டாத வீடுகளுக்கு இது ஒரு வழி. அங்கும் பாக்ஸை இணைக்கும் முறை மேலே சொன்னதுதான்.

மாணவரின் தங்கை பத்தாம் வகுப்பு படிக்கிறாள். 2019 ஆகஸ்டில் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சியின் பாடங்களை அவள் பாக்ஸ் வழியாகவே பார்க்கிறாள். அதற்கு இணைய டேட்டா ஒரு துளியும் செலவில்லை. "ஸ்மார்ட் டி.வி. வந்தால் கேபிளை நிறுத்திவிடலாம் என்று நினைத்தேன், சார்" என்றார் அவளுடைய தந்தை. நல்ல வேளையாக நிறுத்தவில்லை.

முடிவு என்ன?

அவர் இறுதியில் 32 அங்குல ஸ்மார்ட் டி.வி. ஒன்றை வாங்கினார். பாக்ஸை எச்.டி.எம்.ஐ. ஒயரால் இணைத்தார். கட்டிலைச் சுவரோரமாகத் தள்ளியதில் தொலைவு மூன்று மீட்டரைத் தாண்டியது. படமும் நன்றாகத் தெரிகிறது. மிச்சமான பணத்தில் ஒரு பகுதி தங்கையின் புத்தகங்களுக்குப் போயிற்று. இடி மின்னல் வேளையில் மின் பிளக்கையும் தெருக் கேபிளையும் சேர்த்தே கழற்றி வைக்க வேண்டும் என்றும் சொல்லி வந்தேன். மின்னல் கேபிள் வழியாகவும் வீட்டுக்குள் வரும்.

ஒரு சங்கிலியின் வலிமை அதன் மெலிந்த கண்ணியின் வலிமைதான். சானல், பாக்ஸ், ஒயர், திரை, கண் என்னும் ஐந்து கண்ணிகளில் எது மெலிந்ததோ, அதுவே நீங்கள் காணும் படத்தைத் தீர்மானிக்கிறது. பணத்தை அந்தக் கண்ணிக்குச் செலவிடுங்கள்.

செய்து பாருங்கள்

1. உங்கள் வீட்டு டி.வி.க்கும் நீங்கள் அமரும் இடத்துக்கும் உள்ள தொலைவை அளந்து, 3,400ஆல் வகுத்திடுங்கள். உங்கள் கண் பிரித்தறியும் மிகச் சிறிய புள்ளியின் அகலம் கிடைக்கும்.

2. 55 அங்குலத் திரையின் அகலம் 122 செ.மீ. சாதாரண பாக்ஸின் படம் அதில் தெளிவாகத் தெரிய எவ்வளவு தொலைவில் அமர வேண்டும்? அவ்வளவு நீளமான அறை உங்கள் வீட்டில் உண்டா?