குல்மார்க்கில் பிப்ரவரி: பனி நின்ற மறுநாள்தான் பயம்

காஷ்மீரின் நாற்பது நாள் கடுங்குளிரான 'சில்லாய் கலான்' ஜனவரிக் கடைசியோடு முடிந்துவிடும். குல்மார்க்குக்கு டிக்கெட் போட்டிருப்பவர்கள் அதை நம்பி அசட்டையாக இருக்க வேண்டாம்.

ஜனவரியில் பனி அதிகம் பெய்யாமல் குளிர் மட்டும் இழுத்துக்கொண்டே போயிருந்தால், கிடக்கிற பனி உள்ளுக்குள் பிடிப்பு விட்டுவிடும். தரையோரம் சூடு கொஞ்சம் மிச்சமிருக்கும். மேலே காற்றோ உறைய வைக்கும். நடுவில் நீராவி மேலேற ஏற, துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டாத மணிகளாகிவிடும். அள்ளிப் பாருங்கள், வறுத்த ரவை போல விரலிடுக்கில் உதிரும். அதன்மேல் பிப்ரவரியில் ஒரே ராத்திரியில் 30 சென்டிமீட்டர் புதுப்பனி விழுந்து, காற்றும் அதை ஒரு பக்கமாக ஒதுக்கிவிட்டால், ரவைமேல் வைத்த பலகைதான். 30 முதல் 45 டிகிரி சாய்வில் அதைச் சரிக்க ஓர் ஆள் எடை போதும்.

வானம் பளிச்சென்று வெளுத்த முதல் நாள், எல்லோரும் கோண்டோலா ரோப்காருக்கு வரிசை கட்டும் நாள், மிக ஆபத்தானது. ஒன்றிரண்டு நாள் பொறுங்கள். கயிறு கட்டிய எல்லையைத் தாண்டாதீர்கள். முன்னால் போனவரின் ஸ்கீ தடம் உங்களுக்கு உத்தரவாதம் ஆகாது. 2010 பிப்ரவரியில் குல்மார்க்கை அடுத்த கிலன்மார்க்கில் பனிச்சரிவில் இறந்த 17 ராணுவத்தினர் பனியில் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தவர்கள்.

காலையில் பனிச்சரிவு எச்சரிக்கையைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஐந்து படிகளில் 3 என்றால் 'நடுத்தரம்தானே' என்று தோன்றும். பள்ளிக்கூட மார்க் கணக்கு இங்கே எடுபடாது. உயிர்கள் அதிகம் போவது அந்தப் படியில்தான்.

எல்லைக்கு வெளியே போகிற ஸ்கீக்காரர்கள் பனியில் குழி தோண்டி, 90 சென்டிமீட்டர் அகலம், 30 சென்டிமீட்டர் ஆழமுள்ள தூணாக வெட்டி, ஒரு முனையில் மண்வாரியை வைத்துத் தட்டிப் பார்ப்பார்கள்: மணிக்கட்டிலிருந்து 10, முழங்கையிலிருந்து 10, தோளிலிருந்து 10. விரிசல் மறுமுனை வரை ஓடினால் திரும்பிவிடுங்கள். ஓடாவிட்டால்? ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது மலைக்குப் பொருந்தாது. நூறடி தள்ளி வேறு கதை இருக்கும். காலடியில் 'தொம்' என்று அமுங்கும் சத்தம் கேட்டால், தட்டிப் பார்க்கவே வேண்டாம்.

புதைந்தவரைத் தோண்டி எடுக்க 10, 15 நிமிடம்தான் கிடைக்கும். அதை விட்டால் வாய்ப்பு சடசடவென்று குறையும். ஆளுக்கொரு பீக்கன் (புதைந்தவரைச் சிக்னல் வைத்துத் தேட உதவும் கருவி), துழாவுகம்பி, மண்வாரி கட்டாயம். பீக்கன் இருக்கும் பையில் செல்போனை வைக்காதீர்கள், சிக்னல் குழம்பும். 20 சென்டிமீட்டராவது தள்ளி இருக்கட்டும், தேடும்போது 50.