மூக்குக்குள் பவளப் பூச்சியா?

கேள்வி: மூக்கில் 'பாலிப்' என்கிறார் டாக்டர். பவளப் பூச்சிக்கும் அதே பெயராமே! உள்ளே உயிர் ஏதும் வளர்கிறதா?

பதில்: பயப்படாதீர்கள். உரித்த திராட்சை போல வீங்கித் தொங்கும் சவ்வுதான் அது. 'பாலிப்' என்பது 'பல கால்கள்' எனப் பொருள்படும் கிரேக்கச் சொல். கிரேக்கர்கள் ஆக்டோபஸை அப்படித்தான் அழைத்தார்கள். மூக்குச் சதையும் அதுபோலப் பற்றிக்கொள்கிறதே என்று அந்நாளைய வைத்தியர்கள் அதற்கும் அதே பெயரைச் சூட்டிவிட்டார்கள். பவளப் பூச்சிக்கு உறவான ஹைட்ரா என்ற சிறு நீர்வாழ் உயிருக்கு அந்தப் பெயர் 18-ஆம் நூற்றாண்டில்தான் வந்தது. மன்னார் வளைகுடாப் பவளம், ஓரிடத்தில் ஒட்டியபின் சாகும்வரை பாலிப்தான். பல ஜெல்லி மீன்களுக்கோ அது இளம்பருவம்: கடலடியில் ஒட்டி நின்று, அடுக்கிய தட்டுகள் போலப் பிளந்து, தட்டுக்கு ஒரு குட்டியாக நீந்திப் போகும். உங்களுடையது எங்கும் போகாது; ஸ்ப்ரே மருந்தில் பெரும்பாலும் சுருங்கும். பெருங்குடல் பாலிப்தான் அலட்சியம் கூடாதது. சில வகை, பல ஆண்டுகளில் புற்றாகலாம். அதனால் கம்பிச் சுருக்குப் போட்டு அறுத்தெடுத்துவிடுவார்கள்.