இரத்தச் சர்க்கரையும் புற்றுநோய்ப் படப் பரிசோதனையும்

புற்றுநோய் உடலில் எங்கெங்கு பரவியுள்ளது என்பதை அறிய 'பெட் ஸ்கேன்' என்னும் படப் பரிசோதனை பெரிய மருத்துவமனைகளில் செய்யப்படுகிறது. இதற்காகக் கிராமத்திலிருந்து நகரம் செல்வோரில் நீரிழிவு உள்ளவர்களும் உண்டு. இரத்தத்திலுள்ள சர்க்கரையைக் கவனியாது சென்றால் பயணம் வீணாகலாம்; உள்ள நோயும் படத்தில் தெரியாது போகலாம். இதன் காரணத்தை நாம் அறிந்திருத்தல் நலம்.

உடலின் உயிரணுக்கள் குளுக்கோஸ் என்னும் சர்க்கரையை உணவாகக் கொள்கின்றன. புற்றுநோய் அணுக்களில் பல அதை மிகுதியாக உறிஞ்சுவதை ஜெர்மானிய அறிஞர் ஆட்டோ வார்பர்க் 1920-களில் ஆராய்ந்து கண்டார். குளுக்கோஸை ஒத்த பொருளுடன் கதிரியக்கமுள்ள புளோரின்-18 சேர்த்து 'எஃப்.டி.ஜி.' என்ற மருந்து செய்யப்படுகிறது. இது 1976-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் முதன்முதலாக மனிதருக்குச் செலுத்தப்பட்டது. ஊசி போட்டு, சுமார் ஒரு மணி நேரம் ஓய்வுக்குப் பின் படம் எடுத்தால், மருந்தை மிகுதியாக உறிஞ்சிய இடங்கள் தனித்துத் தெரியும்.

சர்க்கரையும் இம்மருந்தும் ஒரே மடை வழியாகவே அணுவினுள் புகுகின்றன. சர்க்கரை மிகுந்திருந்தால் மருந்துக்கு வழி குறைகிறது; சிறு கட்டி கண்ணுக்குத் தப்பிவிடலாம். உடனே இன்சுலின் போட்டுச் சர்க்கரையைக் குறைக்கலாமே எனின், அதுவும் ஏற்றதன்று. இன்சுலின் இம்மருந்தைத் தசைகளுக்குள் செலுத்திவிடும். உணவு உண்டபின் உடலில் சுரக்கும் இன்சுலினும் அவ்வாறே செய்யும். ஆகவே கீழ்க்கண்டவற்றை மனத்திற் கொள்ள வேண்டும்:

1. நாள் குறிக்கும்போதே நீரிழிவு இருப்பதையும் உட்கொள்ளும் மருந்துகளையும் சொல்லிவிட வேண்டும். மாத்திரையையோ இன்சுலினையோ தாமாக நிறுத்தலாகாது. மெட்ஃபார்மின் மாத்திரை குடலில் மருந்தைத் தேங்கச் செய்யுமாதலால், அதுபற்றி மருத்துவரிடம் கேட்டறிய வேண்டும்.

2. பொதுவாக, பரிசோதனைக்கு முன் 4 முதல் 6 மணி நேரம் உணவு கூடாது. காப்பி, தேநீர், இளநீர் ஆகியனவும் கூடா. வெறும் தண்ணீர் அருந்தலாம்.

3. முதல் நாள் உழுதல், மூட்டை சுமத்தல் போன்ற கடின வேலைகளைத் தவிர்க்க வேண்டும். உழைத்த தசைகளும் மருந்தை உறிஞ்சும்.

4. பட்டினியில் வியர்வை, நடுக்கம், மயக்கம் தோன்றினால், பரிசோதனை தடைப்படுமே என்று பொறுத்திராமல் உடனே சர்க்கரை உண்டு, மருத்துவமனையாரிடம் சொல்ல வேண்டும்.

ஊசிக்கு முன் இரத்தம் சோதிக்கப்படும். 100 மில்லி லிட்டர் இரத்தத்தில் சர்க்கரை 200 மில்லி கிராமுக்கு மேற்பட்டிருந்தால் பெரும்பாலும் வேறு நாள் குறிப்பார்கள். இதனை அலைக்கழிப்பாகக் கருதலாகாது. தெளிவற்ற படத்தை நம்பிச் சிகிச்சை செய்வதன்றோ பெருங்கேடு! மேலும் இம்மருந்தின் கதிரியக்கம் சுமார் 110 நிமிடத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறைவதால், மறுநாளைக்கென எடுத்து வைக்கவும் இயலாது.

ஊராட்சி உறுப்பினர்கள் இச்செய்தியை நோயாளிகளின் வீட்டாருக்கு எடுத்துரைக்கலாம். பயணத்துக்குச் சில நாட்கள் முன்பே ஆரம்ப சுகாதார நிலையத்தில் சர்க்கரையைச் சோதித்து, மிகுந்திருப்பின் மருத்துவர் சொற்படி கட்டுப்படுத்திக்கொண்டு செல்லுமாறு செய்தல், நோயாளிக்குப் பேருதவியாகும்.