எல்லாமே ‘ரீசைக்கிள்’ அல்ல

பரிஸ் லாசப்பலில் போன் திருத்தும் கடையிலோ தையல் கடையிலோ தொழில் பழகிய பிள்ளைகள் பலர் இப்போது பெரிய நிறுவனங்களுக்கு ஆங்கிலத்தில் விண்ணப்பம் எழுதுகிறார்கள். பழைய பொருளுக்கு மறுவாழ்வு கொடுக்கும் தொழிலுக்குப் பரிஸ் நல்ல இடம். பழைய போன்களை விற்கும் ‘பாக் மார்க்கெட்’ 2014இல் தொடங்கியதும் இங்கேதான். ஆனால் செய்த வேலை எதுவானாலும் ‘ரீசைக்கிள்’ என்று எழுதிவிடுகிறார்கள். உடைத்து, உருக்கி, மூலப்பொருளாக்கும் ஆலை வேலைக்குத்தான் அந்தச் சொல் பொருந்தும். நுணுக்கமாகத் திரை மாற்றத் தெரிந்தவருக்கு அது நட்டம்.

உடைந்த திரையை மாற்றிச் சொந்தக்காரரிடமே கொடுத்தால் ‘ரிப்பேர்’. பழைய போனை வாங்கி, சோதித்து, பழுது நீக்கி, இன்னொருவருக்கு விற்றால் ‘ரிஃபர்பிஷ்’. பிரெஞ்சில் ‘ரெகோந்திசியோனே’. இந்தப் பிரெஞ்சுச் சொல்லை நினைத்தபடி பயன்படுத்த முடியாது. 2020 பெப்ரவரியில் வந்த விரயத் தடுப்புச் சட்டத்தைத் தொடர்ந்து, 2022 பெப்ரவரியில் இதற்கென்றே ஓர் ஆணை வெளியானது. பொருளின் எல்லாச் செயல்பாடுகளையும் சோதித்திருக்க வேண்டும். தேவைப்பட்டால் திருத்தியிருக்க வேண்டும். கைமாறுவதற்கு முன் பழைய சொந்தக்காரரின் தரவுகளை அழித்திருக்க வேண்டும். அதன் பிறகே அந்தப் பெயரில் விற்கலாம். அப்போதும் ‘புதியது போல’ என்று போடக் கூடாது.

ஆகவே ‘ரிஃபர்பிஷ்’ என்று எழுதினால், நேர்முகத்தில் சோதனையைப் பற்றியும் தரவு அழிப்பைப் பற்றியும் கேட்பார்கள் என்று எதிர்பாருங்கள். பற்றரியை எப்படிச் சோதித்தீர்கள், பழைய கணக்கிலிருந்து போனை எப்படி விடுவித்தீர்கள் என்று படிப்படியாகச் சொல்லிப் பழகுங்கள். துடைத்து உறை மாற்றியது மட்டும்தான் என்றால் அந்தச் சொல்லை எடுக்காதீர்கள்.

தையலில் வேறு கணக்கு. அக்காவின் பட்டுச் சேலையைத் தங்கச்சி கட்டினால் அது ‘ரீயூஸ்’. அதே சேலையை வெட்டாமல் யன்னலுக்குத் திரைச்சீலையாகப் போட்டால் ‘ரீபர்ப்பஸ்’: பயன் மாறியது, பொருள் அப்படியே இருக்கிறது. கரையைப் பிரித்து, உள்ளே பருத்தித் துணி வைத்து, கைப்பையாகத் தைத்து முன்பைவிட நல்ல விலைக்கு விற்றால் ‘அப்சைக்கிள்’. ஆடை வடிவமைப்பு வேலைக்கு இந்தக் கடைசிச் சொல்லே எடுபடும். கைப்பையின் படத்தையும் சேர்த்து அனுப்புங்கள். ‘ரீபர்ப்பஸ்’ அலுவலகங்களிலும் புழங்குகிறது. ஒரு கட்டுரையைக் காணொளியாக மாற்றுவதையும் அப்படித்தான் சொல்வார்கள்.

கட்டட வேலைக்குப் போகிறவர்கள் பரிஸின் ரூ பஜோல் தெருவைப் பார்த்தால் போதும். அங்கே பழைய ரயில்வே கிடங்கு ஒன்று இன்று நூலகமும் இளைஞர் விடுதியுமாக நிற்கிறது. அதற்கு ஆங்கிலத்தில் ‘கன்வர்ஷன்’ அல்லது ‘அடாப்டிவ் ரீயூஸ்’. ‘ரெனோவேஷன்’ என்றால் வெறும் புதுப்பிப்பு வேலை என்று நினைத்துவிடுவார்கள்.

எந்தச் சொல்லைப் போட்டாலும் தனியே விடாதீர்கள். எந்தப் பொருள், என்ன செய்தீர்கள், பிறகு அது எங்கே போனது என்பதை அதே வரியில் எழுதுங்கள். மின்சாதனக் கடையில் வேலை செய்தவர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள். உங்கள் கடைக்கு ‘குவாலிரெப்பார்’ முத்திரை இருந்தால் அதை மேலேயே குறிப்பிடுங்கள். 2022 டிசம்பரில் தொடங்கிய ரிப்பேர் போனஸ் என்னும் உதவித்தொகையை வாடிக்கையாளரின் பில்லில் கழித்துக் கொடுக்க அந்த முத்திரை உள்ள கடைகளால் மட்டுமே முடியும்.