காற்றில் அடுத்து யார்? வை-ஃபை முன்னுரிமையைச் சீட்டுகளால் கற்பித்தல்

பன்னிரண்டாம் வகுப்புக் கணினிப் பயன்பாடுகள் பாடத்தில் வலையமைப்புகளை நடத்தும்போது, கம்பிவழி, கம்பியில்லா என்ற வேறுபாட்டைப் பெரும்பாலும் ஒரே அட்டவணையில் முடித்துவிடுகிறோம். மாணவர்கள் உண்மையில் கேட்கும் கேள்வி அந்த அட்டவணையில் இல்லை. "சிக்னல் முழுசா காட்டுது சார், ஆனா வீடியோ ஏன் நின்னு நின்னு வருது?" என்பதுதான் அது. ஸ்மார்ட் வகுப்பறையில் நேரலை ஓடிக்கொண்டிருக்கும்போதே அலுவலகத்தில் எமிஸ் பதிவு நடக்கிறது. இன்னோர் அறையில் யாருடைய கைபேசியோ தன் செயலிகளைப் புதுப்பித்துக்கொள்கிறது. உறைந்து நிற்கும் படத்தின் முன்னால் ஒரு வகுப்பே உட்கார்ந்திருக்கிறது. இக்கேள்விக்கு இரண்டு பாடவேளைகளில் விடை காண நான் பின்பற்றும் முறையை இங்கே பகிர்கிறேன்.

முதலில் மனத்தில் பதிய வேண்டியது ஒன்றே. ஓர் அலைவரிசைத் தடத்தில் ஒரு நேரத்தில் ஒரு கருவிதான் பேச முடியும். யார் பேசலாம் என்று கைகாட்ட அங்கே காவலர் யாரும் இல்லை. ஒவ்வொரு கருவியும் முதலில் காற்றைக் கவனிக்கிறது. அமைதியாக இருந்தால், தானாக ஓர் எண்ணைக் குலுக்கி எடுத்து, அதைப் பூச்சியம்வரை குறைத்துக்கொண்டே வருகிறது. பூச்சியம் வந்ததும் அனுப்புகிறது. இருவர் ஒரே நேரத்தில் பூச்சியத்தை அடைந்தால் மோதல். மோதியவர்கள் முன்பைவிட இருமடங்கு பெரிய எல்லைக்குள் மீண்டும் எண் எடுக்க வேண்டும். 1971-இல் ஹவாயில் இயங்கத் தொடங்கிய அலோஹா வலையமைப்பில் கவனிக்கும் வேலைகூடக் கிடையாது. நினைத்தபோது அனுப்புவார்கள், மோதினால் சற்றுப் பொறுத்து மறுபடி அனுப்புவார்கள். அந்த மரபில்தான் நம் வை-ஃபையும் வருகிறது.

இந்த ஏற்பாட்டில் எல்லாரும் சமம். ஆனால் தேவைகள் சமமல்ல. ஒரு கோப்பு இரண்டு விநாடி தாமதமாக இறங்கினால் யாருக்கும் நட்டமில்லை. குரல் அப்படியல்ல. ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு 150 மில்லிவிநாடிக்குள் சேர்ந்தால்தான் உரையாடல் இயல்பாக இருக்கும் என்பது பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை. இதற்காக வந்ததுதான் ஐ.இ.இ.இ. 802.11-இ என்ற 2005-ஆம் ஆண்டுத் தரம். அதன் முக்கியப் பகுதியை வை-ஃபை அலையன்ஸ் 2004-லேயே டபிள்யூ.எம்.எம். என்ற பெயரில் சான்றளிக்கத் தொடங்கிவிட்டது. ரௌட்டரின் அமைப்புப் பக்கத்தில் நாம் காணும் டபிள்யூ.எம்.எம். இதுவே. குரல், காணொலி, சாதாரணம், பின்னணி என நான்கு வகைகள்.

இங்கே பலரும் ஆம்புலன்ஸ் உவமையைச் சொல்வோம். அது பாதிதான் பொருந்தும் என்பது என் எண்ணம். சாலையில் மற்ற வண்டிகள் ஒதுங்குகின்றன. காற்றில் யாரும் ஒதுங்குவதில்லை. ஒருவர் அனுப்பத் தொடங்கிவிட்டால், அவர் முடிக்கும்வரை குரலும் காத்திருக்கத்தான் வேண்டும். முன்னுரிமை என்பது அடுத்த வாய்ப்பைப் பெறுவதற்கான கூடுதல் சாத்தியம் மட்டுமே. இதைச் சொல்லிப் புரியவைப்பதைவிட விளையாடிப் பார்ப்பது எளிது.

பழைய விடைத்தாள்களைக் கிழித்து எண் சீட்டுகள் செய்துகொள்ளலாம். குரல் அணிக்கு 0 முதல் 3 வரை, காணொலி அணிக்கு 0 முதல் 7 வரை, சாதாரண அணிக்கும் பின்னணி அணிக்கும் 0 முதல் 15 வரை. ஆசிரியர் கைதட்டுகிறார், ஒரு தட்டு என்பது 9 மைக்ரோவிநாடி. காற்று அமைதியானதும் குரல், காணொலி அணிகள் 2 தட்டுகள் பொறுத்து எண்ணத் தொடங்கும். சாதாரண அணி 3 தட்டுகள், பின்னணி அணி 7 தட்டுகள் பொறுக்க வேண்டும். இவை விளையாட்டுக்காக நான் வைத்த எண்கள் அல்ல. கைபேசி, மடிக்கணினி போன்ற கருவிகளுக்குத் தரத்திலேயே இயல்பாகக் கொடுக்கப்பட்டவை. ஒருவர் அனுப்பும்போது மற்றவர்கள் தம் மிச்ச எண்ணை அப்படியே பிடித்து வைத்திருக்க வேண்டும். புதுச்சீட்டு எடுக்கக் கூடாது.

குரல் அணியில் ஒரே ஒருவர் இருந்து, அவர் இடைவிடாமல் அனுப்பிக்கொண்டிருந்தால் பின்னணி அணிக்கு வாய்ப்பே வராது. குரல் அணி அதிகபட்சம் 5 தட்டுகளில் தொடங்கிவிடுகிறது. பின்னணி அணியோ 7 தட்டுகள் முடியாமல் எண்ணவே தொடங்க முடியாது. மாணவர்கள் இதைத் தாமே கண்டுபிடித்து "இது அநியாயம் சார்" என்பார்கள். அப்போது சொல்லலாம்: உண்மையில் ஒரு குரல் அழைப்பு பெரும்பாலும் 20 மில்லிவிநாடிக்கு ஒரு சிறிய தரவுப்பொதியைத்தான் அனுப்பும். இடையில் ஏராளமான நேரம் மற்றவர்களுக்கு மிஞ்சும்.

அடுத்த சுற்றுதான் பாடத்தின் உயிர். எட்டு மாணவர்களையும் குரல் அணியில் சேர்த்துவிடுங்கள். நான்கு எண்களை எட்டுப் பேர் எடுத்தால், சிலருக்காவது ஒரே எண் வந்தே தீரும். மிகச் சிறிய எண் ஒருவரிடம் மட்டும் இருந்தால்தான் அவர் மோதாமல் அனுப்ப முடியும். கணக்கிட்டுப் பார்த்தால், முதல் முயற்சியிலேயே 100-க்கு ஏறத்தாழ 72 முறை மோதல். அதே எட்டுப் பேரும் 0 முதல் 15 வரையிலான சாதாரணச் சீட்டுகளை எடுத்தால் ஏறத்தாழ 23 முறைதான். எல்லாருக்கும் முன்னுரிமை கொடுத்த வலையமைப்பு, யாருக்கும் கொடுக்காததைவிட மோசமாக இயங்குகிறது. கணித ஆசிரியரையும் அழைத்துக்கொண்டால், நிகழ்தகவுப் பாடத்துக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது.

இரண்டாம் பாடவேளைக்கு ஒரு பெருக்கல் கணக்கு. 1500 பைட் பொதி என்பது 12,000 பிட். ரௌட்டருக்கு அருகில் உள்ள கருவி விநாடிக்கு 54 மெகாபிட் வேகத்தில் அனுப்பினால் அதற்கு ஏறத்தாழ 222 மைக்ரோவிநாடி ஆகும். தாழ்வாரத்தின் கடைசி அறையில் உள்ள கருவி 6 மெகாபிட் வேகத்துக்கு இறங்கிவிட்டால் அதே பொதிக்கு 2000 மைக்ரோவிநாடி. ஒன்பது மடங்கு நேரம் காற்றை அது பிடித்துக்கொள்கிறது. இந்த விளையாட்டின் விதிகள் வாய்ப்பைப் பங்கிடுகின்றன, நேரத்தைப் பங்கிடுவதில்லை. எனவே ஒரே ஒரு தொலைவுக் கருவி எல்லாரையும் தன் வேகத்துக்கு அருகில் இழுத்துவந்துவிடும். 2003-லேயே ஆய்வாளர்கள் விளக்கிக் காட்டிய குறை இது. பள்ளிகளில் வரும் பெரும்பாலான 'வை-ஃபை மந்தம்' இதுதான் என்று நினைக்கிறேன். முன்னுரிமை அமைப்பை எத்தனை முறை மாற்றினாலும் இது தீராது.

பதினொன்றாம் வகுப்பில் இருநிலை எண்களை முடித்த மாணவர்களுக்கு இன்னொரு புதிர் வைக்கலாம். ஒவ்வொரு பொதியின் தலைப்பிலும் டி.எஸ்.சி.பி. என்ற 6 பிட் அடையாளம் உண்டு. குரலுக்கு வழக்கமாக இடும் எண் 46, அதாவது 101110. வை-ஃபையின் முன்னுரிமை எண்ணுக்கோ 3 பிட்தான். பல கருவிகள் முதல் மூன்று பிட்டுகளை மட்டும் வெட்டி எடுத்துக்கொள்ளும்: 101, அதாவது 5. வை-ஃபையில் 6-உம் 7-உம் குரல். 4-உம் 5-உம் காணொலி. ஆக, குரல் என்று அடையாளமிட்ட பொதி காணொலி வரிசையில் போய் நிற்கிறது. இதைச் சரிசெய்யும் பரிந்துரை 2018-இல்தான் ஆர்.எஃப்.சி. 8325 என்ற ஆவணமாக வெளிவந்தது. 0-உம் 3-உம் சாதாரணம், 1-உம் 2-உம் பின்னணி என்ற செய்தி மாணவர்களைச் சிரிக்கவைக்கும். பூச்சியம் ஒன்றைவிட மேலே நிற்கும் இடம் வேறெங்கே உண்டு?

பள்ளியில் செய்யக்கூடியது என்ன? டபிள்யூ.எம்.எம்.-ஐ அணைக்க வேண்டாம். அணைத்தால் 802.11-என் முதலான கருவிகள் 54 மெகாபிட்டுக்கு மேல் போகாது; வேகம் கூடும் என்று யாரோ சொன்னதை நம்பி அணைத்து வைத்திருக்கும் இடங்கள் உண்டு. ஸ்மார்ட் பலகையையும் அலுவலகக் கணினியையும் கம்பியில் இணைத்துவிடுங்கள். நகராத கருவி காற்றை நம்பி இருக்கத் தேவையில்லை. கம்பிக்கு மாறும் ஒவ்வொரு கருவியும் மற்றவர்களுக்குக் காற்றை விட்டுக்கொடுக்கிறது. அருகிலுள்ள கைக்கணினிகளை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றலாம். புதுப்பிப்புகளை மாலை நான்கரைக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

இத்தனைக்கும் பிறகு படம் உறைந்தால், குறை காற்றிலா, வெளியிலிருந்து வரும் இணைப்பிலா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். இதை மாணவர்களிடமே விடலாம். வை-ஃபையில் உள்ள ஒரு மடிக்கணினியில் இரண்டு சாளரங்களைத் திறந்து, ஒன்றில் ரௌட்டரின் முகவரிக்கும், மற்றொன்றில் வெளியில் உள்ள ஒரு தளத்துக்கும் பிங் கட்டளை கொடுக்கச் சொல்லுங்கள். ரௌட்டரின் முகவரி பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1 ஆக இருக்கும். நேரலை ஓடும்போது பத்து நிமிடம் குறித்துக்கொள்ளட்டும். முதல் எண்ணே சில மில்லிவிநாடியிலிருந்து நூறைத் தாண்டித் துள்ளினால் சிக்கல் காற்றில். முதல் எண் அசையாமல் இரண்டாவது மட்டும் ஏறினால் சிக்கல் இணைப்பில். அங்கே நம் ரௌட்டரின் டபிள்யூ.எம்.எம். எட்டாது. அந்தப் பத்து நிமிட அட்டவணையை இணைத்து இணைய சேவை நிறுவனத்துக்குப் புகார் எழுதலாம். "நெட் ஸ்லோ" என்று தொலைபேசியில் சொல்வதைவிட அதற்குப் பதில் விரைவில் வரும்.