தேயிலையும் அலுமினியமும்

புசா ரோட்டுக்கு அப்பாலுள்ள வேளாண்மை ஆராய்ச்சிக் கழக வயல்களில் கோதுமை செழிப்பதைக் காண்கிறோம். அதே கோதுமையை நீலகிரித் தேயிலை மண்ணில் விதைத்தால் பெரும்பாலும் வேர் குறுகிவிடும். காரணம் என்ன? மண்ணின் பி.எச். அளவு 5-க்குக் கீழே இறங்கும்போது, களிமண்ணில் கட்டுண்ட அலுமினியம் கரைந்து வேர்நுனியைத் தாக்குகிறது. தேயிலையோ அதனை உறிஞ்சிக்கொள்கிறது; கேட்டெக்கின் முதலிய பொருள்களோடு பிணைத்து அடக்கி, இலைகளின் செல்சுவர்களில் சேர்த்துவைக்கிறது. உலர்ந்த முற்றிய இலையில் 3 சதவீதம் வரைகூட அலுமினியம் இருக்கலாம். நாம் பறிக்கும் கொழுந்திலோ மிகக் குறைவு. முற்றிய இலை உதிர்ந்து மட்கியதும் அந்த அலுமினியம் மேல்மண்ணுக்கே திரும்புகிறது. ஆகவே, தேயிலையை அகற்றிக் காய்கறி பயிரிட எண்ணுவோர் முதலில் மண்ணைச் சோதித்து, வேண்டிய அளவு சுண்ணாம்பு இடுதல் நலம். தேயிலைக்கு உகந்த மண் பிற பயிருக்கு நஞ்சாகலாம்.