உங்கள் ஃபங்ஷனை யார் கூப்பிடுகிறார்கள்? டெவலப்பர் இன்டர்வியூவுக்கு ஆறு பாடங்கள்

சிங்கப்பூரின் லிட்டில் இந்தியாவில் அறை எடுத்துத் தங்கி ஒன்-நார்த்துக்கும் சாங்கி பிசினஸ் பார்க்குக்கும் அலைகிறவருக்கும், இங்கேயே பாலிடெக்னிக் முடித்து முதல் வேலை தேடுகிறவருக்கும் களம் ஒன்றுதான். எல்லா ரெஸ்யூமேயிலும் ரியாக்ட் இருக்கிறது, நோட் இருக்கிறது. வெளியிலிருந்து வருகிறவர்களுக்கு இன்னொரு தடையும் உண்டு. 2023 செப்டம்பர் முதல் பெரும்பாலான எம்ப்ளாய்மென்ட் பாஸ் விண்ணப்பங்கள் காம்பஸ் என்ற மதிப்பீட்டு முறையில் 40 புள்ளி எடுத்தாக வேண்டும். உங்களை எடுப்பதற்குக் கம்பெனிக்கு வலுவான காரணம் வேண்டும்.

அந்தக் காரணத்தை நீங்கள்தான் கொடுக்க வேண்டும். ஓடுகிற கோட் எழுத இன்று ஏஐ டூல் போதும். அது ஏன் அந்த வரிசையில் ஓடுகிறது என்று சொல்லத் தெரிந்தவரைத்தான் சீனியர் டெவலப்பர் தன் டீமில் விரும்புவார். எந்த ஃபங்ஷனைக் காட்டினாலும் நான்கு கேள்விக்குப் பதில் தயாராக இருக்கட்டும்: இதை யார் கூப்பிடுகிறார்கள், எப்போது, எதைக் கொடுத்து, எத்தனை முறை?

1. கொடுப்பது வேறு, கூப்பிடுவது வேறு

ஃபங்ஷன் பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறி போட்டால் அது அந்த இடத்திலேயே ஓடிவிடும். பெயரை மட்டும் கொடுத்தால், வாங்கிக்கொண்ட கோட் தனக்குத் தேவையான நேரத்தில் கூப்பிடும். அதுதான் கால்பேக். ரியாக்ட்டில் ஆன்கிளிக்குக்குள் அடைப்புக்குறியோடு எழுதிவிட்டால், பட்டனை யாரும் தொடாமலே ஒவ்வொரு ரெண்டரிலும் ஃபங்ஷன் ஓடும். டெபக்கிங் ரவுண்டில் இந்தப் பிழை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சில நொடிகளில் கண்டுபிடித்தால் நல்ல பெயர் உங்களுக்கு.

2. வரிசையை வாயால் சொல்லிப் பழகுங்கள்

சாதாரண லாக் ஒன்று, சுழியம் மில்லிசெகண்ட் செட்டைம்அவுட் ஒன்று, ப்ராமிஸ் ஒன்று, மறுபடி ஒரு லாக். எது முதலில் பிரிண்ட் ஆகும்? இந்தக் கேள்வி அடிக்கடி வரும். சுழியம் என்றால் உடனே என்று நினைப்பவர் அங்கேயே சறுக்குவார். முதலில் இரண்டு லாக்குகளும் முடியும். கால் ஸ்டாக் காலியானதும் ப்ராமிஸின் கால்பேக் ஓடும். அதற்குப் பிறகுதான் டைமர். பதிலோடு காரணத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். மனப்பாடம் செய்தவரையும் புரிந்துகொண்டவரையும் அந்தக் காரணம்தான் பிரித்துக் காட்டும்.

3. லிஸனரைப் போட்டவரே எடுக்க வேண்டும்

ஆட்இவென்ட்லிஸனரில் பெயரில்லாத ஃபங்ஷனை நேரடியாக எழுதினால், பிறகு ரிமூவ்இவென்ட்லிஸனரால் அதை எடுக்க முடியாது. அதே ஃபங்ஷனின் ரெஃபரன்ஸ் வேண்டும். பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும் இன்னொன்று உதவாது. எடுக்காமல் விட்டால், சிங்கிள்-பேஜ் ஆப்பில் பக்கம் மாறி மாறித் திறக்கும்போது லிஸனர்கள் குவியும். ஒரு கிளிக்குக்கு மூன்று ஆர்டர் போகும். ஃபங்ஷனுக்குப் பெயர் வையுங்கள். ரியாக்ட் என்றால் யூஸ்எஃபெக்ட்டில் கிளீனப் எழுதுங்கள். ஒருமுறை ஓடினால் போதும் என்றால் ஒன்ஸ் ஆப்ஷனைப் போடுங்கள்.

4. பிழை எங்கே போகிறது என்று தெரிந்து வையுங்கள்

செட்டைம்அவுட்டைச் சுற்றி ட்ரை-கேட்ச் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்காதீர்கள். கால்பேக் ஓடும் நேரத்தில் அந்த ட்ரை முடிந்துபோயிருக்கும். உள்ளே வெடிக்கும் பிழையை அது பிடிக்காது. 2015-ல் ப்ராமிஸும் 2017-ல் அசிங்க்-அவெய்ட்டும் ஜாவாஸ்கிரிப்ட் தரத்தில் சேர்ந்தன. கால்பேக்குக்குள் கால்பேக் அடுக்கும் சிக்கலை அவை குறைத்தன. ஆனால் அவெய்ட் எழுத மறந்தால் பழைய கதைதான்: பிழை உங்கள் கேட்ச்சுக்குள் வராது. கோட் ரிவ்யூவில் இதைச் சுட்டிக்காட்டுகிறவரை டீம் லீட் கவனிப்பார்.

5. சிங்கப்பூர் டேட்டாவில் ஒரு ப்ராஜெக்ட் காட்டுங்கள்

டூ-டூ லிஸ்ட் ஆப்பை எல்லாரும் காட்டுகிறார்கள். நீங்கள் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் டேட்டாமால் தளத்தில் இலவச அக்கவுண்ட் கீ வாங்குங்கள். தேக்கா சந்தைக்குப் பக்கத்து பஸ் ஸ்டாப்பின் ஐந்து இலக்க எண்ணைக் கொடுத்தால், ஒவ்வொரு சர்வீஸுக்கும் அடுத்த மூன்று பஸ்கள் வரை வருகை நேரம் கிடைக்கும். அந்தத் தகவல் 20 வினாடிக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுகிறது. நொடிக்கு ஒருமுறை கேட்பது வீண். செட்இன்டர்வல் போட்டால் நெட்வொர்க் மெதுவாகும்போது ஒரு கோரிக்கை முடிவதற்குள் அடுத்தது கிளம்பிவிடும். பதில் வந்தபிறகு அடுத்த டைமரை வையுங்கள். கீயை பிரவுசரில் வைக்காமல் உங்கள் சர்வரில் வையுங்கள். இந்த மூன்று முடிவுகளையும் காரணத்தோடு ரீட்மீயில் எழுதிவிட்டால் இன்டர்வியூவில் பேச விஷயம் கையில் இருக்கும்.

6. வெப்ஹுக் இரண்டு முறை வரும் என்றே எழுதுங்கள்

2017-ல் பேநவ் என்ற பணப் பரிமாற்ற முறை வந்தது. இன்று சிராங்கூன் சாலைக் கடைகளிலும் கியூஆர் அட்டை தொங்குகிறது. ஆன்லைன் கடையில் ஸ்ட்ரைப் என்ற பேமென்ட் கம்பெனி வழியாக பேநவ் கட்டணம் வாங்கினால், பணம் வந்ததும் ஸ்ட்ரைப் உங்கள் சர்வரைக் கூப்பிடும். அதுதான் வெப்ஹுக். இதுவும் கால்பேக்தான், ஆனால் கூப்பிடுவது இன்னொரு கம்பெனியின் சர்வர். அதனால் இரண்டு கேள்விகள் கூர்மையாகின்றன. கூப்பிடுவது யார்? சிக்னேச்சரைச் சரிபார்க்காமல் நம்பாதீர்கள். எத்தனை முறை? ஒரே இவென்ட் மறுபடியும் வரலாம் என்று ஸ்ட்ரைப்பே சொல்கிறது. இவென்ட் ஐடியைச் சேமித்து வைத்து, ஏற்கெனவே பார்த்தது என்றால் ஆர்டரை மறுபடி அனுப்பாமல் 200 என்று பதில் கொடுத்து முடியுங்கள். பேமென்ட் கம்பெனி இன்டர்வியூவில் இதை அவர்கள் கேட்பதற்கு முன் நீங்கள் சொன்னால், ஜூனியர் என்ற முத்திரை அப்போதே கழன்றுவிடும்.

வேலை மாறும் நாற்பது வயதுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. சிங்கப்பூர்க் குடியுரிமை இருந்தால் 2024 மே முதல் 4,000 வெள்ளி ஸ்கில்ஸ்ஃபியூச்சர் கிரெடிட் உங்கள் பெயரில் இருக்கிறது. பயன்படுத்துங்கள். ஆனால் சர்டிஃபிகேட் உங்களை இன்டர்வியூ அறை வரை கொண்டுபோகும். உள்ளே பேச வேண்டியது நீங்கள்தான்.

இந்த வாரமே தொடங்குங்கள். உங்கள் ப்ராஜெக்ட்டில் ஒரு ஃபைலைத் திறந்து, அதிலுள்ள ஒவ்வொரு கால்பேக்குக்கும் லிஸனருக்கும் நான்கு பதில்களையும் ஒரு தாளில் எழுதுங்கள். எங்கே பேனா நிற்கிறதோ, அதை முதலில் படியுங்கள். பிறகு நண்பர் ஒருவரை எதிரே உட்காரவைத்து வாய்விட்டு விளக்குங்கள். தயக்கமில்லாமல் சொல்ல வந்த பிறகு விண்ணப்பம் அனுப்புங்கள்.